பூட்டை வெட்டினால் திருடனா?

2024 மே மாதம். நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம் சூடாக இருந்த நேரம். ஒடிஸாவில் பேசிய பிரதமர் மோடி, பூரி ஜெகந்நாதர் கோயில் பொக்கிஷ அறையின் சாவி காணாமல் போன விவகாரத்தைக் கையில் எடுத்தார். சாவி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டதாக மக்கள் சொல்கிறார்கள் என்றார். அப்போது ஒடிஸா முதல்வராக இருந்த நவீன் பட்நாயக்கின் வலது கரம் வி.கே.பாண்டியன், நம்ம மதுரை மாவட்டத்துக்காரர். குறி அவருக்கு. அடி நமக்கு. தமிழர்களைத் திருடர்கள் என்பதா என்று முதல்வர் ஸ்டாலின் கண்டித்தார். டி.வி.களில் இரண்டு நாள் கச்சேரி களை கட்டியது.

தேர்தல் முடிந்தது. ஒடிஸாவில் ஆட்சி மாறியது. ஜூலை 14-ம் தேதி அந்த அறையைத் திறக்கப் போனார்கள். 2018-ல் உள்ளறைச் சாவியைக் காணோம் என்று அமர்க்களமாகி, அப்புறம் கலெக்டர் அலுவலக ஆவண அறையில் டூப்ளிகேட் சாவி கிடைத்துவிட்டது என்றார்களே, அந்தச் சாவியைப் போட்டார்கள். உள்ளறைக்கு மூன்று பூட்டு. ஒன்றுகூடத் திறக்கவில்லை. கடைசியில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் பூட்டுகளை அறுத்தெடுத்தார்கள்.

அதற்கப்புறம் எல்லோருடைய கண்ணும் உள்ளே இருந்த நகைகள் மேல் போய்விட்டது. எத்தனை பெட்டி, எத்தனை கிலோ, பாம்பு இருந்ததா இல்லையா... பாம்பு பிடிப்பவர்களை வேறு தயாராக வைத்திருந்தார்கள். நான் பார்த்த எந்த விவாதத்திலும் ஒருத்தர்கூட ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்தச் சாவி ஏன் சேரவில்லை? பூட்டு துருப்பிடித்துப்போயிருந்ததா? சாவி வேறு பூட்டுடையதா? நடுவில் யாராவது பூட்டையே மாற்றிவிட்டார்களா? அறுத்த பூட்டைப் பக்கவாட்டில் வெட்டித் திறந்து பார்த்தால் அரை மணி நேரத்தில் பதில் தெரிந்துவிடும்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரே ஒருத்தர். அவர் இருப்பது வாடிப்பட்டியில்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற நாலு வழிச் சாலையில், சிறுமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும் ஊர். வாடிப்பட்டி மேளம் என்றால் தென்மாவட்டத்தில் தெரியாதவர்கள் கிடையாது. நான் போனது மேளத்துக்காக இல்லை. தெரிந்தவர் ஒருவர், ‘‘நம்ம லேத் பட்டறையில ஒரு பையன் இருக்கான், பூட்டா வாங்கி அறுத்துக்கிட்டே இருக்கான், நீங்க பாக்கணும்’’ என்றார். போனேன்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். இருபத்து மூணு, இருபத்து நாலு வயசு இருக்கும். பேர் வேண்டாம் என்றார். ஏன் என்பது பின்னால் வருகிறது. தம்பி என்றே வைத்துக்கொள்வோம். வாடகை அறையில் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பழப்பெட்டிகளை இழுத்துப் போட்டார். உள்ளே பழைய துணியில் சுற்றிச் சுற்றி வைத்த பூட்டுகள். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று. எல்லாமே பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்கியவை. பாதிக்கு மேல் திண்டுக்கல் பூட்டு. மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு, ஷட்டர் பூட்டு, மேஜை டிராயர் பூட்டு. ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கிறார். சாவியைப் போட்டுத் திருப்பினால் உள்ளே நடக்கிற நாடகம் முழுக்கத் தெரிகிறது.

இதற்கு இங்கிலீஷில் கட்-அவே என்று பேர். கட்-அவுட் தெரிந்த நமக்கு கட்-அவே தெரியாது. ஐ.டி.ஐ. மாணவர்களுக்குத் தெரியும். கட் செக்‌ஷன் என்பார்கள். இன்ஜினைப் பாதியாக அறுத்து, சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்குவதைக் காட்டுவார்களே, அதேதான்.

‘‘எல்லாத்தையும் அறுத்துட்டா பூட்டே விழுந்துருமேப்பா?’’ என்று கேட்டேன்.

‘‘அதுதான்ணே விளையாட்டே. ஸ்பிரிங்கத் தாங்குற இடம் எது, லீவர் சுத்துற குமிழ் எது, அத மட்டும் விட்டுட்டு மிச்சத்த எடுக்கணும். வெட்டுறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு மனசுல பாத்துரணும். தப்பா வெட்டுனா டிங்குன்னு ஸ்பிரிங்கு பறந்துரும். முத பத்து பூட்டு அப்பிடித்தான் போச்சு.’’

கோட்டைப் போட்டு, அதன் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன துளை போட்டு, ஆக்ஸா பிளேடால் துளைகளை இணைத்து, அப்புறம் அரம். ஒரு பூட்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகிறதாம்.

அவர் ஒரு பூட்டை என் கையில் கொடுத்து மெதுவாகச் சாவியைத் திருப்பச் சொன்னார். ஐம்பது வருஷமாகப் பூட்டித் திறந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பூட்டு என்றால் என்ன என்று பார்த்தேன். உள்ளே தகடு தகடாக ஆறு லீவர்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு சந்து. தாழ்ப்பாளில் ஒரு முளை. சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்கு உரிய தகட்டை ஓர் உயரத்துக்குத் தூக்குகிறது. ஆறு சந்தும் ஒரே கோட்டில் வந்தால் முளை உள்ளே நுழையும், தாழ்ப்பாள் நகரும். ஒரே ஒரு தகடு ஒரு நூல் அளவு கூடுதலாக எழும்பினாலும் போச்சு, குறைவாக எழும்பினாலும் போச்சு. நெரிசலான டவுன் பஸ்ஸில் எல்லோரும் ஒரே சமயத்தில் சரியாக ஒதுங்கினால்தான் கண்டக்டர் நடக்க முடியும். ஒருத்தர் முழங்கையை நீட்டினாலும் நின்றுவிடுவார். அவ்வளவுதான் பூட்டு.

நம்ம வீட்டு வாசல் கதவில் இருக்கிற குட்டைப் பல் சாவிப் பூட்டில் தகட்டுக்குப் பதில் ஊசி. அமெரிக்காவின் லைனஸ் யேல், 19-ம் நூற்றாண்டில் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. அதன் மூலக் கரு பழைய எகிப்தியர்களின் மரப்பூட்டிலேயே இருந்தது.

தம்பியிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு சாவியின் பல்லையும் வெர்னியரில் அளந்து, ஆழத்தை ஒன்று முதல் ஆறு வரை நம்பராக எழுதிவைத்திருக்கிறார். 2-4-1-3-5. ஒரு சாவி என்பது இந்த ஐந்து நம்பர், அவ்வளவுதான். ஐந்து பல், ஒவ்வொன்றுக்கும் ஆறு ஆழம் என்றால் கணக்குப்படி 7,776 சாவி சாத்தியம். சாவி தொலைந்துபோனாலும் நம்பர் இருந்தால் புதுசாக ஒன்றை அரத்தால் ராவிவிடலாம்.

உடனே உங்கள் மூளையில் மணி அடித்திருக்கும். எனக்கும் அடித்தது. நம்பர்தான் சாவி என்றால், சாவியின் போட்டோவே சாவிதானே? ஆமாம். 2008-ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக, சான் டியேகோ ஆராய்ச்சியாளர்கள் தூரத்திலிருந்து எடுத்த போட்டோவை வைத்தே சாவியின் நம்பரைப் படித்துக் காட்டிவிட்டார்கள். அமெரிக்கா போகிறவர்கள் சூட்கேஸில் போடுகிற டி.எஸ்.ஏ. பூட்டு தெரியுமல்லவா? விமான நிலைய அதிகாரிகள் மட்டும் திறக்கிற பொதுச்சாவி உள்ள பூட்டு. 2014-ல் அந்தச் சாவிக்கொத்தின் படத்தை ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை அப்பாவியாக வெளியிட்டது. 2015-ல் யாரோ அதைப் பார்த்து முப்பரிமாண பிரின்டரில் அச்சடிக்கிற அளவுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இனி புதுமனைப் புகுவிழாவன்று சாவியைக் கையில் தூக்கிப் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.

இந்த விஷயத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது வாடிப்பட்டி லேத் பட்டறைத் தொழிலாளி. அதற்கு ஊர் அவருக்குக் கொடுத்த பரிசு என்ன தெரியுமா?

அவருடைய தங்கை ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. அண்ணன் வெட்டிய பூட்டுகளில் மூன்றை எடுத்துக்கொண்டு, சார்ட்டில் படம் வரைந்து, நெம்புகோல் தத்துவம் என்று தலைப்பும் எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். ஏழாம் வகுப்பிலிருந்து மனப்பாடம் செய்கிற நெம்புகோல் தத்துவத்தை நிஜமாக ஒரு பொருளுக்குள் கண்டுபிடித்த பெண். மேஜையில் வைத்த பத்தாவது நிமிஷம் ஒரு ஆசிரியர் வந்து எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார். ‘‘ஊரான் வீட்டுப் பூட்டத் திறக்கச் சொல்லித் தர்றியா? வேற நல்ல ப்ராஜெக்ட்டே கிடைக்கலையா உனக்கு?’’

நல்ல ப்ராஜெக்ட் எது? பக்கத்து மேஜையில் இருந்திருக்கிறது. சோடா உப்பில் வினிகர் ஊற்றிப் பொங்குகிற எரிமலை. நான் படித்த காலத்திலிருந்து தமிழ்நாட்டில் பொங்கிக்கொண்டே இருக்கிற எரிமலை.

அந்தப் பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தது ஒரு பக்கம். சேதி தெருவுக்கு வந்தது இன்னொரு பக்கம். வீட்டுக்காரர் கூப்பிட்டுப் பேசினார். ‘‘தம்பி, நீ நல்ல பையன்தான். ஆனா நாளைக்கு இந்தத் தெருவுல எந்த வீட்டுல எது காணாமப் போனாலும் என் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாய்ங்க. ஒண்ணு அந்தப் பெட்டிய எடுத்துக் கடையில போடு. இல்லாட்டி வேற வீடு பாத்துக்க.’’

தம்பி என்னிடம் சொன்னார்: ‘‘திருடப் படிக்கிறான்னு சொல்றாய்ங்கண்ணே. திருடணும்னா எனக்கு எதுக்குண்ணே வெர்னியரு? ஒரு கடப்பாரை போதாது?’’

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆதாரத்தோடு பதில் இருக்கிறது. ஒரு வாரம் தமிழ் தினசரிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருட்டுச் செய்தித் தலைப்புகளை மட்டும் படியுங்கள். ‘வீட்டின் பூட்டை உடைத்து 20 பவுன் நகை கொள்ளை’. ‘கோயில் பூட்டை உடைத்து உண்டியல் திருட்டு’. ‘டாஸ்மாக் கடைப் பூட்டை உடைத்து...’ உடைத்து, உடைத்து, உடைத்து. பூட்டின் நுணுக்கத்தை ஆராய்ந்து, லீவர் ஒவ்வொன்றாகத் தூக்கித் திறந்து என்று ஒரு செய்தி கண்டுபிடித்துக் கொடுங்கள் பார்ப்போம். நம்ம ஊர்த் திருடனுக்குப் பூட்டு மீது எந்த ஆர்வமும் கிடையாது. அவன் தாழ்ப்பாளையோ நாதாங்கியையோ பெயர்க்கிறான். அந்தச் சிரமமும் எல்லா வீட்டிலும் தேவைப்படுவதில்லை. நாம்தான் சாவியை மீட்டர் பெட்டி மேல், பூந்தொட்டிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டில் பழைய ஷூவுக்குள் வைத்துவிட்டுப் போகிறோமே.

ஆக, பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது திருடன் அல்ல, பூட்டு வாங்குகிற நாம்தான்.

இதே சண்டை லண்டனில் 1851-லேயே நடந்து முடிந்துவிட்டது. ஜோசஃப் பிராமா என்ற பூட்டுக்காரர் தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, சாவியில்லாமல் இதைத் திறக்கிற கருவி செய்கிறவருக்கு 200 கினி என்று பலகை வைத்திருந்தார். 60 வருஷத்துக்கு மேல் யாரும் திறக்கவில்லை. பிராமா செத்தும் போனார். அந்த வருஷம் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், 16 நாளில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்துவிட்டார். அதற்கு முன்பே, வேறு சாவி போட்டால் காட்டிக்கொடுத்துவிடும் என்று பேர் வாங்கிய சப் கம்பெனிப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்து காட்டியிருந்தார். ஊரே கொதித்தது. திருடனுக்குப் பாடம் நடத்துகிறான் என்றார்கள். வாடிப்பட்டி வீட்டுக்காரர் சொன்ன அதே வசனம், இங்கிலீஷில். திருடர்கள் தங்கள் தொழிலில் ரொம்ப சூட்டிகையானவர்கள், நாம் சொல்லித்தரப்போவதைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும் என்று 1853-ல் லண்டனில் வந்த பூட்டு நூல் ஒன்று இதற்குப் பதில் எழுதியது. பூட்டு கம்பெனிகள் புலம்பலை நிறுத்திவிட்டுப் பூட்டைச் சீர்திருத்த ஆரம்பித்தன. பிராமாவின் அந்தச் சவால் பூட்டு இன்றைக்கு லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திறந்தவரை அவர்கள் ஜெயிலில் போடவில்லை. 200 கினியைக் கொடுத்தார்கள்.

எல்லா இடத்திலும் இந்தப் பெருந்தன்மை இருந்ததில்லை. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய இயற்பியல் விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைன்மேன், இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தார். பொழுதுபோகாமல் ரகசியக் காகிதங்கள் வைக்கிற பெட்டகங்களின் பூட்டை நோண்டிக்கொண்டே இருப்பார். பெட்டகம் திறந்து கிடக்கும்போது அதைத் தொட்டு விளையாடினாலே திறக்கும் எண்களில் இரண்டைக் கண்டுபிடித்துவிட முடிகிறது என்று ஒரு ராணுவ அதிகாரியிடம் செய்தும் காட்டினார். திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று எச்சரித்தார். அந்த அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? ஃபைன்மேன் உங்கள் அறைக்கு வந்தாரா, பெட்டகத்தின் அருகில் நின்றாரா என்று எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். ஆமாம் என்றவர்களெல்லாம் நம்பரை மாற்ற வேண்டும். அவர் எழுதியதை நான் படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். ஓட்டையை அடைக்கவில்லை, ஓட்டையைக் காட்டியவரை அடைக்கப் பார்த்தார்கள்.

2003-ல் இன்னொன்று. மேட் பிளேஸ் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரிய ஆபீஸ் கட்டடங்களில் அவரவர் அறைக்கு ஒரு சாவி, எல்லா அறைக்கும் சேர்த்து மேனேஜரிடம் ஒரு பொதுச்சாவி இருக்கும் அல்லவா? உங்கள் அறைப் பூட்டும், உங்கள் சாவியும், வெட்டாத சில வெற்றுச் சாவிகளும் இருந்தால் போதும், பொதுச்சாவியையே கண்டுபிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு நிரூபித்தார். பூட்டுத் தொழில்காரர்கள் பாய்ந்தார்கள். அவர்கள் சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான்: இது எங்களுக்கு ரொம்ப நாளாகவே தெரியுமே! தெரியும் என்றால், காசு கொடுத்து வாங்கியவனிடம் ஏன் ஐயா சொல்லவில்லை?

நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? வாக்குப்பதிவு இயந்திரத்தைத் திறந்து பார்த்து அதன் பலவீனங்களை வெளிநாட்டு நிபுணர்களோடு சேர்ந்து செய்துகாட்டிய ஹைதராபாத் இன்ஜினீயர் ஹரி பிரசாத்தை 2010 ஆகஸ்டில் கைது செய்தார்கள். இயந்திரம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல மறுத்ததால் திருட்டு வழக்கு. இயந்திரம் சரியா, தப்பா என்பது வேறு சண்டை, அதற்குள் நான் இப்போது போகவில்லை. மூன்று வருஷம் கழித்து, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் காகிதச் சீட்டை இயந்திரத்தோடு இணைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது.

1883-ல் அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் ராணுவச் சங்கேத மொழிக்கு ஒரு விதி எழுதினார். உன் இயந்திரம் முழுசாக எதிரியின் கையில் சிக்கினாலும் உன் ரகசியம் பத்திரமாக இருக்க வேண்டும். மறைத்து வைக்க வேண்டியது சாவி மட்டுமே. இன்றைக்கு உங்கள் போனில் ஜி-பே செய்கிறீர்களே, அதைக் காக்கிற கணக்கு முறைகள் இந்த விதிப்படிதான் இயங்குகின்றன. எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டு, உலகத்தில் உள்ள கெட்டிக்காரர்களையெல்லாம் உடைத்துப் பார்க்கச் சொல்லி, உடையாமல் நின்றதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். காய்கறிக்காரருக்கு இருபது ரூபாய் அனுப்பப் பயன்படுகிற பூட்டு ஊரறிய வெட்டிப் பார்க்கப்பட்டது. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை மூன்று பழைய பூட்டை மேஜையில் வைத்தால் மட்டும் நாடு கெட்டுவிடும்.

*

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் பீரோ சாவி தொலைந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். தெருவில் பெரிய வளையத்தில் நூற்றுக்கணக்கான சாவிகளைக் கோத்து ‘ஜலக் ஜலக்’ என்று ஆட்டிக்கொண்டு, ‘பூட்டு ரிப்பேர், சாவி ரிப்பேரேய்’ என்று ஒரு பாய் வருவார். கூப்பிட்டோம். வெற்றுச் சாவி ஒன்றை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்கி, துவாரத்தில் விட்டு லேசாகத் திருகி, எடுத்துப் பார்த்து, கறுப்பு அழிந்த இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி திருகல். பதினைந்து நிமிஷத்தில் பீரோ திறந்துகொண்டது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அவர் காசை வாங்கிக்கொண்டு தெரு முனை திரும்புவதற்குள் அப்பா எங்களிடம் சொன்னார்: ‘‘அவன் மூஞ்சிய நல்லா ஞாபகம் வச்சுக்கங்கடா.’’ அன்றைக்கு ராத்திரி பீரோவுக்குள் இருந்த நகை வேறு இடத்துக்கு மாறியது. அந்த மனுஷர் குடிக்கத் தண்ணி கேட்டார், கொடுத்தோம். திண்ணையில் வைத்தே கொடுத்தோம். அவருடைய விரலில் இருந்த வித்தையை வேறு ஊரில் வகுப்பு எடுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆனது. ஜெர்மனியில் 1997-லேயே பூட்டு திறப்பதை விளையாட்டாக நடத்துகிற சங்கம் அமைத்துவிட்டார்கள். நெதர்லாந்திலும் இருக்கிறது. போட்டி வைத்துத் திறக்கிறார்கள், வெட்டிய பூட்டுகளைச் சேகரிக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டே சட்டம். உன்னுடையது இல்லாத பூட்டைத் தொடாதே. புழக்கத்தில் இருக்கிற பூட்டைத் தொடாதே. தம்பிக்கு இந்தச் சங்கங்களைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியும். ஆனால் இரண்டு சட்டத்தையும் தானாகவே கடைப்பிடிக்கிறார். பழைய இரும்புக் கடைக்கு வந்த பூட்டு தவிர வேறெதையும் அவர் தொட்டதில்லை.

இப்போது முக்கால் மணி நேரம் தள்ளித் திண்டுக்கல்லுக்கு வாருங்கள். வாய் திறக்காதவனை ‘திண்டுக்கல் பூட்டு போட்டிருக்கான்’ என்று கேலி செய்கிற அளவுக்குப் பெயர் பெற்ற ஊர். சங்கரலிங்க ஆச்சாரி, பரட்டை ஆச்சாரி சகோதரர்கள் தொடங்கிவைத்ததாக ஊர் சொல்கிற தொழில். நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி என்று சுற்றிலும் பட்டறைகள். திறக்கும்போது மணி அடிக்கிற பூட்டு செய்தார்கள். தப்பான சாவி போட்டால் கையைப் பதம் பார்க்கிற பூட்டைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அலிகாரிலிருந்து மெஷினில் அடித்த மலிவுப் பூட்டு வந்தது, கையால் ராவுகிறவர்கள் விலையில் தோற்றார்கள். பிள்ளைகள் பட்டறைக்கு வரவில்லை. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குக் கிடைத்த அதே சமயம். அரசியல்வாதிகள் அறிக்கை விட்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன்.

குறியீடு பூட்டின் பேரைக் காப்பாற்றும். பூட்டுக்குள் இருப்பதை யார் காப்பாற்றுவது? மாங்காய்ப் பூட்டில் ஒரு ஆச்சாரி லீவரை எந்த வளைவில் ராவினார், திருட்டுச் சாவி ஏமாறும்படி பொய்ச் சந்து எங்கே வைத்தார் என்பது அவர் கையில் மட்டும் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பதாக நான் கேட்ட பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை. ஒரு பட்டறையில் கேட்டேன்: ‘‘ஐயா, இதுல ஒண்ண வெட்டிக் காட்சிக்கு வச்சா என்ன?’’ அவருக்கு என் அப்பா வயசு. சிரித்தார். ‘‘தொழில் ரகசியம் தம்பி. வெட்டிக் காட்டுனா நாளைக்கு எவனாவது பாத்துச் செஞ்சுருவான்.’’

ஐயா, உங்கள் மேல் ரொம்ப மரியாதை வைத்தே சொல்கிறேன். பார்த்துச் செய்ய எவனாவது வரமாட்டானா என்று நாம் ஏங்க வேண்டிய நிலைமை வந்துவிட்டது. உங்கள் மகன் திருப்பூரில் இருக்கிறார். பேரன் இன்ஜினீயரிங் படிக்கிறான். நீங்கள் ரகசியத்தை யாரிடமிருந்து காப்பாற்றுகிறீர்கள்? காசு கொடுத்து உங்கள் பழைய பூட்டைத் தேடி வாங்கி, இரண்டு ஞாயிறு செலவழித்து, நீங்கள் வைத்த பொய்ச் சந்தைக் கண்டுபிடித்து, ‘என்னமா யோசிச்சிருக்காருண்ணே இந்த மனுஷன்’ என்று என்னிடம் கண் விரியச் சொன்ன ஆள் வாடிப்பட்டியில் இருக்கிறார். உங்களுக்கு வாய்த்த ஒரே ரசிகர் அவர்தான்.

பூட்டைத் திறந்து பார்க்காத நாட்டில் என்ன முளைக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2011-ல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் அறைகளை உச்ச நீதிமன்றக் குழு திறந்தபோது ஒரு அறை மட்டும் திறக்கப்படவில்லை. உடனே நாகபந்தம், மந்திரம் சொன்னால்தான் திறக்கும், திறந்தால் கடல் பொங்கும் என்று சேனல் சேனலாகப் பரப்பினார்கள். படித்தவர்கள் என்னிடமே வந்து நாகபந்தத்துக்கு விளக்கம் கொடுத்தார்கள். பிறகு முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராய் நீதிமன்றத்தில் கொடுத்த அறிக்கை, அந்த அறை 1990-லும் 2002-லுமாக ஏழு தடவை திறக்கப்பட்டிருக்கிறது என்றது. கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. எத்தனை சேனல் இதைச் சொன்னது?

தமிழக அரசிடமும் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்திடமும் நான் கேட்பது கோடிகள் பிடிக்கிற திட்டம் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு பெரிய அறை. ஒவ்வொரு ரகப் பூட்டிலும் இரண்டு. ஒன்று முழுசாக, ஒன்று பக்கவாட்டில் வெட்டி. பக்கத்தில் சாவி, அதைப் பிள்ளைகள் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும், கண்ணாடிக்குள் வைத்துத் தொடாதே என்று போர்டு மாட்டக் கூடாது. கீழே செய்த ஆச்சாரியின் பேர். அந்தப் பூட்டுகளை வெட்டுகிற வேலையை ஐ.டி.ஐ. ஃபிட்டர் மாணவர்களுக்குக் கொடுங்கள். அளப்பது, கோடு போடுவது, அறுப்பது, ராவுவது என்று அவர்கள் பாடத்தில் இருக்கிற அத்தனையும் இதில் இருக்கிறது. இரும்புத் துண்டைச் சதுரமாக ராவி மார்க் வாங்கிவிட்டுத் தூக்கி எறிவதற்குப் பதில் இதைச் செய்யலாம்.

நியாயமான பயம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் கடையில் விற்ற புது மாடலில் ஓட்டை கண்டுபிடித்தால், அதைத் தெருவில் கூவுவதற்கு முன் செய்தவரிடம் சொல்லி, சரிசெய்ய அவகாசம் தருவதுதான் மரியாதை. தம்பியிடமும் இதைச் சொன்னேன். அவர் போன வருஷமே ஒரு பூட்டில் அப்படி ஒன்று கண்டுபிடித்து, செய்தவர்களுக்குப் படம் வரைந்து தபாலில் அனுப்பியிருக்கிறார். பதில் இல்லை. எந்தப் பூட்டு என்று என்னிடமும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். ‘‘சனங்க வீட்டுல தொங்குதுண்ணே’’ என்றார்.

இவரைத்தான் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள்.

பள்ளித் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், அந்தப் பெண்ணை இன்னொரு தடவை மேஜை போட்டு நிற்க வைக்கச் சொல்லி. இதை எழுதுகிற வரை பதில் வரவில்லை. தம்பி சோழவந்தான் பக்கம் வேறு அறை பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். புது வீட்டுக்காரரிடம் பழப்பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சொல்லிவிட்டாராம். அவர் உள்ளே போய், சாவி தொலைந்துபோய் எட்டு வருஷமாகத் திறக்காமல் கிடக்கிற தன் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தாராம்.